குழாய் ஓடும் நேரம்

ஹில்லாரின் பண்ணையில் பதினொரு நிமிடம்.
குஸ்லாவில் ஏழு, அங்கே மாடுகள் குறைவு.
குழாயை மாட்டி, பம்பைத் தட்டிவிட்டு,
மாதிரிப் புட்டியில் பால் பிடித்து எண் எழுதியபின்
மிச்சமிருப்பதுதான் கேமராவுக்கு.

பால் லாரிக்காரிக்கு ஊர் பார்க்க விடுமுறை எதற்கு?
ஒருநாள் விட்டு ஒருநாள்
இதே நூற்றுப்பத்து கிலோமீட்டரைச் சுற்றத்தானே
சம்பளம் தருகிறார்கள்.
எஸ்தோனியாவின் நடுவயிறு இது.
மலையென்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது.
சதுப்பு, பிர்ச் மரங்கள், மறுபடி சதுப்பு.
ஹில்லாரின் சாணக் குவியல் ஆவி விட,
அதன் பின்னால்
என்றைக்கோ ஒரு ஜெர்மானியச் சீமான் கட்டிவைத்துப் போன
தானியக் கிடங்கு.
ஆறு சுண்ணாம்புக்கல் தூண்கள், ஐந்து வளைவுகள்,
கூரை இருந்த உயரத்தில் ஒரு நாரைக்கூடு.

டிசம்பர்ச் சூரியன்
எச்சில் கையால் காக்கை ஓட்டாது.
ஒன்பதேகாலுக்கு எட்டிப் பார்த்து
மூன்றேகாலுக்குக் கடையைச் சாத்திவிடும்.
அந்தக் கொஞ்சத்திலும்
மூன்றாவது வளைவின் உள்வயிற்றில்
ஒரு நிமிடம், அதிகம் போனால் ஒன்றரை,
வெண்ணெய் நிறத்தில் வெயில் ஒட்டும்.
அதற்காகத்தான் நான்கு குளிர்காலம்
கையுறையின் விரல்நுனியை வெட்டிக்கொண்டு நின்றேன்.

ஒரு தொல்லை மட்டும்.
பம்பை விட்டு ஐந்தடிக்குமேல் போகக்கூடாதென்பது கம்பெனி விதி.
எங்கே நின்று எடுத்தாலும் படத்தின் வலது ஓரத்தில்
லாரியின் பக்கக் கண்ணாடி
அழைக்காத விருந்தாளியாக வந்து உட்கார்ந்துவிடும்.
வெட்டித் தள்ளு, என்றார் ஹில்லார்.
வெட்டினால் வளைவில் பாதி போகும்.
இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

போன மார்ச்சில் அந்த வளைவின் நெற்றிக்கல்
இரண்டு விரல் கீழே இறங்கியது.

தாலினிலிருந்து கைடி என்ற பெண் வந்தாள்,
ஏணியோடும், சேறு பார்க்காத பூட்ஸோடும்.
எப்போதிலிருந்து விரிசல், என்று கேட்டாள்.
எப்போதும் இருந்ததுதான், என்றார் ஹில்லார்.
என்னிடம் படம் இருக்கிறது, என்றேன்.
கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

அறுநூற்றுப் பன்னிரண்டு படங்கள்.
பால் அறை மேசையில் தேதிவாரியாகப் பரப்பினாள்.
விரிசலைப் பார்ப்பாள் என்று நினைத்தேன்.
அவள் அளவுகோலை வைத்தது கண்ணாடியின்மேல்.
முதல் வருடம், கண்ணாடிக்கும் தூணுக்கும் நடுவே
ஒரு வேலி, ஒரு தண்ணீர்த் தொட்டி, நிறையப் பனி.
இரண்டாம் வருடம் வேலி இல்லை.
மூன்றாம் வருடம் தொட்டி.
கடைசிப் படத்தில்
தூணின் கல்பொளிகள் கண்ணாடிக்குள்ளேயே தெரிந்தன.

நான் நகரக்கூடாதென்று விதி.
லாரி நகரக்கூடாதென்று யாரும் சொல்லவில்லை.
ஒவ்வொரு முறையும் ஒரு சாண், அரை முழம்,
வெயில் ஒட்டும் இடத்துக்குக் கிட்டே,
இருபத்தாறு டன்னோடு,
எஞ்சினை அணைக்காமல்.

பனி உறைந்து இளகினாலும் இப்படி ஆகும், என்றாள் கைடி
அளவுகோலை மடித்துக்கொண்டே.
அந்தக் கருணைக்கு
என்ன பதில் சொல்வதென்று தெரியாமல்
புட்டிகளை எண்ணினேன். சரியாகத்தான் இருந்தன.

இப்போது சாலையோரம் வெள்ளைக் கல் நட்டிருக்கிறார்கள்.
அதற்கு இப்பால் நிற்கிறேன்.
குழாயில் இன்னொரு துண்டு சேர்த்தாகிவிட்டது,
பால் வர பதினான்கு நிமிடம்.
மூன்றாவது வளைவுக்கு அடியில்
பச்சை மரத்தில் முட்டு, தச்சன் பென்சிலால் போட்ட எண்கள்.
படத்துக்கு அசிங்கம் என்கிறார் ஹில்லார்.

எடுக்கிறேன்.
இங்கிருந்து வளைவு கட்டைவிரல் அளவு.
வெயில் ஒட்டியதா இல்லையா என்றுகூடச்
சரியாகத் தெரியவில்லை.
கண்ணாடி மட்டும் பளிச்சென்று,
அதற்குள் ஹில்லார், கையை ஆட்டி ஏதோ கத்துகிறார்.

பம்ப்!